செனட்டரின் வாழ்க்கைக் குறிப்பில் விடுபட்ட பத்தி

'விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டியவை' என்று அந்தக் கடிதத்தில் ஆறு இனங்கள் இருந்தன. ஐந்தாவது இது: இவ்வீட்டில் வாழ்ந்த முன்னாள் செனட்டர் எலையஸ் வான் மெர்ஸ்டென் அவர்களின் வாழ்க்கை பற்றி விண்ணப்பதாரரே தயாரித்த, இரண்டு பக்கங்களுக்கு மிகாத குறிப்பு.

எங்கள் பக்கத்து டவுன்ஷிப்பின் (நம் ஊர்ப் பேரூராட்சி மாதிரி) பாரம்பரியக் கட்டடக் குழு அனுப்பிய கடிதம் அது. பிப்ரவரியில் எழுதப்பட்டு, பதினோரு நாள் கழித்து எங்களை வந்தடைந்தது. இடையில் அது எங்கே தங்கியிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. உறை என்னிடம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மதியம், தமிழ்ச் சங்கத் தலைவர் ராஜரத்தினம் அதை உரக்கப் படித்தார். இடம் அவர் வீட்டு பேஸ்மென்ட். நியூஜெர்சித் தமிழர்களின் பொதுவாழ்வு முழுவதும் தரைமட்டத்துக்குக் கீழேதான் நடக்கிறது. தேர்தல், ஒத்திகை, சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும் அதே சாம்பல் நிறக் கார்ப்பெட், அதே அலுமினியத் தட்டில் ஆறிப்போன வடை. டிரெட்மில்லின் மேல் குளிர்கால ஜாக்கெட்டுகள் குவிந்திருந்தன. அந்த இயந்திரம் வேறு வேலை எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

"அஞ்சாவது ஐட்டம் ஈசி. யாரோ ஒரு செனட்டராம். நம்ம விழா மலருக்கு எழுதுவோம்லா, அத மாதிரி ரெண்டு பக்கம் எழுதிட்டா போச்சு" என்றார் ராஜரத்தினம். அவர் திருநெல்வேலிக்காரர். இந்த ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறார். விழா மலரில் எழுதாமல் அவர் யாரையும் விட்டதில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் அந்த வீடு

தொடரை இந்த வாரம்தான் முதலில் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஈரோட்டுக்காரி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வசிப்பவள். ஒரு மருந்து நிறுவனத்தில் ஆவணச் சரிபார்ப்பு என் தொழில். மாத்திரையை யார் செய்தார், எத்தனை மணிக்குச் செய்தார், அதை எழுதியவர் எத்தனை மணிக்கு எழுதினார் என்று பார்த்துக் கையெழுத்திடுவேன். எழுதப்படாத வேலை நடக்காத வேலை என்பது எங்கள் சட்டம். சனிக்கிழமைகளில் பழைய செய்தித்தாள்களும் பதிவேடுகளும் படிப்பேன். அது பொழுதுபோக்கு என்று நான் சொல்வேன். வியாதி என்று என் கணவர் சொல்வார்.

அந்த வீடு எங்களுக்குத் தேவைப்பட்டது மேகலாவால். மேகலா சென்னைப் பெண். வாரநாட்களில் கணினி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி. ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பள்ளியை நடத்திவந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வகுப்புகளுக்கு இடையே ஆறடி உயரத் தடுப்புகள். ஒரு பக்கம் உயிரெழுத்து, மறுபக்கம் மெய்யெழுத்து, நடுவில் தேவாலயத்தின் காபி வாசனை. தேவாலயம் கட்டடத்தை விற்கப் போவதாக அறிவித்தது. ஜூன் மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும்.

செனட்டரின் வீடு டவுன்ஷிப்புக்குச் சொந்தம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. பொதுப்பணி செய்யும் அமைப்பு ஒன்றுக்கு நீண்ட குத்தகைக்குத் தர முன்வந்தார்கள். போட்டிக்கு ஒரே ஒரு விண்ணப்பம், உள்ளூர் அமெரிக்கப் பெண்மணி நடத்தும் யோகா நிலையத்திலிருந்து. சூரிய நமஸ்காரம் அவர்கள் பக்கம், செனட்டரைப் புகழும் பொறுப்பு எங்கள் பக்கம். உலகம் உருண்டை என்பதற்கு நான் கண்ட நேரடிச் சான்று அதுதான்.

ஒரு திருத்தம்

இடையில் ஒன்று. சென்ற வாரம், எங்கள் தெருவில் பனிப்புயலால் மின்சாரம் போனது ஒரு வியாழக்கிழமை என்று எழுதியிருந்தேன். அது புதன்கிழமை. வாசகர் ஒருவர்கூட இதைச் சுட்டிக்காட்டவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

பிறந்தார், அது போதுமானதாக இருந்தது

எலையஸ் வான் மெர்ஸ்டெனின் தாத்தா அமெரிக்கப் புரட்சிப் போரில் தளபதி. அப்பா செனட்டர். பெரியப்பா ஆளுநர். மாமனார் நீதிபதி. பிற்காலத்தில் மகன் காங்கிரஸ் உறுப்பினர். நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் வைத்து, மேடைக்கு மேடை திட்டி, பிறகு அவர்களுக்கே ஓட்டுப் போடுகிறோம். அமெரிக்காவில் இதற்குப் 'பொதுச்சேவை மரபு' என்று பெயர். பித்தளைப் பலகையில் பொறித்துச் சுவரில் மாட்டுகிறார்கள்.

அவர் பிறந்த நாளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. குடும்ப பைபிளில் ஒரு தேதி, கல்லறையில் ஒரு தேதி, மகன் எழுதிய நினைவுக் கட்டுரையில் மூன்றாவது தேதி. தேதிகளைப் பார்த்தால் வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்று இந்த இதழின் ஆசிரியர் சொல்லியிருப்பதால் மூன்றையும் இங்கே தரவில்லை. நீக்கும்போது பல் பிடுங்கியது போல இருந்தது.

அந்தக் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், செனட்டரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. அந்தச் சட்டமன்றத்தில் எலையஸுக்கு இரண்டு மைத்துனர்களும் ஒரு சம்பந்தியும் இருந்தார்கள். கடும் போட்டிக்குப் பின் வென்றார் என்று மகன் எழுதியிருக்கிறார். யாருடன் போட்டி என்று எழுதவில்லை.

ஆறு ஆண்டுப் பதவிக் காலத்தில் அவர் பேசியதாக என்னால் கண்டுபிடிக்க முடிந்தது மூன்று உரைகள். முதலாவது கால்வாய்ப் படகுகளைப் பற்றியது. இரண்டாவது காலமான தன் தந்தையைப் பற்றியது. மூன்றாவது, தென் மாநிலங்களில் மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பது கடவுளுக்கு அடுக்காது என்ற உரை. அது நல்ல உரை. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. வீட்டு வாசலில் இருக்கும் பித்தளைப் பலகை அவரை 'சுதந்திரத்தின் நண்பர்' என்கிறது.

இரண்டாம் முறை அவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு மைத்துனர் இறந்துவிட்டிருந்தார்.

தலைவரின் வரைவு

இதற்குள் பொறுமை இழந்த ராஜரத்தினம் தானே ஒரு வரைவை எழுதி அனுப்பினார். அதில் செனட்டர் ஏழைப் பங்காளர், எளிமையின் சிகரம், பன்மொழிப் புலவர். இந்தியர்கள்மேல் மாறாத அன்பு கொண்டவர் என்றும் இருந்தது.

எந்த ஆதாரம் என்று போனில் கேட்டேன்.

"இல்லன்னு சொல்லுததுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" என்றார்.

என் பணி வாழ்வில் யாரும் என்னை இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை.

மாடுகளும் பெட்டியும்

மார்ச் மாதத்தில் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பேனா கூடாது, பென்சில் மட்டும். ரேடியேட்டரின் சூடு பழைய தோல் அட்டைகளில் பட்டு, செருப்புக் கடை வாசனை வரும். வீட்டின் எல்லை பற்றிய ஒரு சந்தேகத்துக்காக டவுன்ஷிப்பின் பழைய பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

புத்தகத்தின் முன்பாதியில், வழிதவறி வந்த மாடுகள். எந்த நிறம், எந்தக் காதில் எத்தகைய வெட்டு, யார் தோட்டத்தில் நிற்கிறது என்று அழகாகப் பதிந்திருந்தார்கள். பின்பாதியில் குழந்தைகள்.

வட மாநிலங்கள் என்றால் விடுதலை பூமி என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவள் நான். நியூஜெர்சி அடிமை முறையை ஒழித்த விதம் வேறு. சட்டம் வந்தபின் பிறக்கும் குழந்தை சுதந்திரப் பிரஜை. ஆனால் பெண்ணானால் இருபத்தொரு வயது வரை, ஆணானால் இருபத்தைந்து வயது வரை, தாயின் எஜமானருக்கு ஊழியம் செய்ய வேண்டும். தாய்க்கு அந்தச் சலுகையும் இல்லை. குழந்தை பிறந்ததை எஜமானர் எழுத்தரிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவுகள்தான் மாடுகளுக்குப் பின்னால் இருந்தன.

இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது. ஐந்து வரி. தன் அடிமைப் பெண் டைனாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதன் பெயர் பெட்டி, இது உண்மை. கீழே எலையஸ் வான் மெர்ஸ்டென் என்ற கையெழுத்து. அரசியலுக்கு வருவதற்கு முந்தைய இளம் வயதுக் கையெழுத்து, ஆனால் கடைசி எழுத்தின் நீண்ட வால் அதேதான். அவருடைய கடிதங்களில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாடுகளுக்கு நிறமும் அடையாளமும் இருந்தன. பெட்டிக்குப் பெயர் மட்டும்.

பென்சிலால் ஐந்து வரிகளையும் எழுதிக்கொண்டேன். நேரத்தையும் குறித்தேன்.

'ஒரு பேராதானே அக்கா'

மேகலாவைத் தேடிப் போய்ச் சொன்னபோது அவள் ஐசலினில், இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில், பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வளையல் வாங்கிக்கொண்டிருந்தாள். கடைக்கு வெளியே வந்து நின்று கேட்டாள். கையில் அளவுக்குப் போட்டுப் பார்த்த வளையலைக் கழற்றவும் மறந்துவிட்டாள்.

அந்தக் குழுவில் மூன்று பேர் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் என்பதை எனக்கு நினைவுபடுத்தினாள். செனட்டர் அவர்களுக்குப் பாதி சாமி. சாமியைப் பற்றி இப்படி எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கேட்டால் யார் தருவார்கள்?

"நான் பொய் எழுத சொல்லல அக்கா. ஒரு பேராவ விட்டுடுங்கன்னுதான் சொல்றேன். ஒரு பேராதானே? இடம் கிடைக்கட்டும். அப்புறம் நானே உங்களோட வந்து கமிட்டி முன்னாடி நின்னு சொல்றேன்."

"நா என்ன பண்றதுங்க, மேகலா. பார்த்துட்டேனே."

"நூத்திப் பன்னெண்டு பேர் அக்கா. ஜூலைல அதுங்க எங்க போய் உட்காரும்?"

வீட்டுக்கு வந்து குறிப்பைத் திறந்தேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். மூன்றாவது உரையைப் பற்றிய பத்தியை வைத்துக்கொண்டேன். அது உண்மை, ஆதாரமுள்ளது, பக்க எண்ணோடு இருந்தது. உண்மைகளை மட்டும் வைத்து இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தொழில் அனுபவம் உதவியது.

பொன்னாடை

ஏப்ரல் மாத மாலை ஒன்றில் டவுன்ஷிப் மன்றத்தில் விசாரணை. குழுத் தலைவி மிஸஸ் விட்லாக் எழுபது வயதைத் தாண்டியவர், சிரித்த முகம். எங்கள் பள்ளியை ஒருமுறை நேரில் வந்து பார்த்திருக்கிறார், கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் ஓட்டு எங்களுக்கு என்பது ஊரறிந்த ரகசியம். எந்த ஆவணத்தையும் அவர் முழுதாகப் படிப்பதில்லை என்பதும்.

எங்கள் பெயர் அழைக்கப்பட்டதும் ராஜரத்தினம் எழுந்தார். மேசையைச் சுற்றி உள்ளே போனார். யாரும் தடுக்கும் முன், ஜரிகைக் கரை வைத்த ஆரஞ்சு நிறப் பொன்னாடையை மிஸஸ் விட்லாக்குக்குப் போர்த்தி, கைகூப்பி, புகைப்படக்காரர் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். எங்களில் நான்கைந்து பேர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டோம். நானும் தட்டினேன்.

மிஸஸ் விட்லாக்குக்கு மகிழ்ச்சி. டவுன்ஷிப் எழுத்தருக்கு முகம் வெளுத்தது. அவர் குனிந்து தலைவியின் காதில் ஏதோ சொன்னார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது விண்ணப்பதாரர் கையால் அன்பளிப்பு.

"நோ, நோ. திஸ் இஸ் நாட் கிஃப்ட். திஸ் இஸ் ரெஸ்பெக்ட்" என்றார் ராஜரத்தினம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பெரிய மனுஷிக்கு ஒரு சால்வை போடாம எப்படிய்யா மீட்டிங்க ஆரம்பிக்கது?" என்று உண்மையாகவே கேட்டார்.

பொன்னாடை கழற்றப்பட்டு, மடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் பையில் போடப்பட்டது. சால்வை ஒன்று, ஆரஞ்சு நிறம், கேட்காமல் தரப்பட்டது என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். மிஸஸ் விட்லாக், இந்த விண்ணப்பத்தில் தான் பங்கேற்பது முறையல்ல என்று சொல்லி, வருத்தத்துடன் கீழே வந்து பார்வையாளர் வரிசையில், எனக்கு முன்னால், உட்கார்ந்தார். எங்களுக்கு உறுதியாக இருந்த ஒரே ஓட்டை எங்கள் தலைவர் இரண்டு கைகளாலும் மரியாதையாகப் போர்த்தி அனுப்பிவைத்தார்.

துணைத்தலைவர் மிஸ்டர் பார்னெட் நாற்காலிக்கு வந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளை ஆராய்ந்து ஓய்வுபெற்றவர். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு எங்கள் விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அறை முழுவதும் காத்திருந்தது. ஐந்தாவது இணைப்பை எடுத்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அதைத் திருப்பிய முதல் மனிதர் அவர்.

தயாரித்தவர் யார் என்று கேட்டார். எழுந்தேன். ஆதாரங்களை ஒழுங்காகக் கொடுத்திருப்பதாகப் பாராட்டினார். பிறகு சாதாரணமாக, பழக்கத்தில் கேட்பது போல, இந்தக் குறிப்பு முழுமையானதா என்று கேட்டார்.

வேலையில் நான் நாளுக்கு நாற்பது முறை கையெழுத்துப் போடுவது அந்தக் கேள்விக்குக் கீழேதான். மேகலாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"இல்லை" என்றேன்.

விடுபட்டது என்ன என்று கேட்டார். புத்தகம், பக்கம், வரிசை, ஐந்து வரி, எல்லாம் மனப்பாடமாக இருந்தது. சொன்னேன். மிஸஸ் விட்லாக் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்த முகம் அப்போது இல்லை. பார்னெட் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். காப்பகத்தின் சான்றளித்த நகலைச் சமர்ப்பிக்கும்வரை விண்ணப்பத்தின் மீதான முடிவு ஒத்திவைக்கப்படுகிறது என்றார். அடுத்த இனம் யாருடைய வேலியையோ பற்றியது.

வண்டி நிறுத்துமிடத்தில் மேகலா கார்க் கதவைத் திறக்காமல் நின்றாள்.

"கேட்டா சொல்லிடுவீங்களா அக்கா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"நாங்களும் கேட்டோமே. சொல்லாதீங்கன்னு."

ராஜரத்தினம் நடுவில் வந்து, தப்பெல்லாம் தன் சால்வையில்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அதைத் திரும்பத் தருவார்களா என்றும் கேட்டார்.

பேஸ்மென்ட் கோடை

சான்றளித்த நகல் கிடைக்க ஒன்பது வாரங்கள் ஆயின. மாடுகளின் பக்கம் கிழியாமல் எடுக்க வேண்டுமாம். அதற்குள் ஜூன் முடிந்தது. தமிழ்ப் பள்ளி ராஜரத்தினத்தின் பேஸ்மென்ட்டுக்கு இறங்கியது. டிரெட்மில் மூலைக்கு நகர்த்தப்பட்டு அதன்மேல் பாடப்புத்தகங்கள் குவிந்தன. மழை பெய்தால் கார்ப்பெட் நாறும். பிள்ளைகள் மூன்று பிரிவாக, நேரம் மாற்றி வந்தார்கள்.

பிறகு வருவதைக் குறைத்தார்கள். தூரம் என்று சிலர், கராத்தே என்று சிலர். செப்டம்பரில் வருகைப் பதிவில் அறுபத்தேழு பெயர்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பியவர் ராஜரத்தினம். மேகலா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அந்த நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கும் பெட்டிக்கும் நடுவில் நான் ஏதோ தராசு பிடித்ததாக அவள் நினைத்தாள். நானும் சில நாட்கள் அப்படித்தான் நினைத்தேன். பார்னெட் கேட்காமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வீரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அக்டோபரில் தீர்ப்பு வந்தது. யோகா நிலையம் விலகிக்கொண்டுவிட்டது. வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு என்ன வயது என்பதையும், ஜன்னல்களை மாற்ற அனுமதி இல்லை என்பதையும் அந்தப் பெண்மணி விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். மீதமிருந்த ஒரே விண்ணப்பதாரர் நாங்கள். வீடு எங்களுக்கு. கடிதத்தில் செனட்டர் இல்லை, டைனா இல்லை, ஐந்தாவது இணைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மறைத்ததற்காகவும் தரவில்லை, சொன்னதற்காகவும் மறுக்கவில்லை. பாய்லர் முடிவு செய்தது.

சான்றளித்த நகலோடு நான் சேர்த்தனுப்பிய பத்தியை ஒரு சிறிய அட்டையில் அச்சடித்து டவுன்ஷிப்பே மாட்டியது. இடம், பின்கட்டுக் கதவுக்கு உட்புறம், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில். வாசலில் பித்தளைப் பலகை அப்படியே இருக்கிறது. அவ்வப்போது யாரோ துடைக்கிறார்கள்.

முதல் ஞாயிறு

முதல் வகுப்பன்று, அழைக்கப்படாமலே போனேன். தரையெல்லாம் புதிதாக மெழுகு போட்ட வாசனை. மேகலா மாடியில் அறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மழலை வகுப்புக்குச் சமையலறைக்கு மேலே உள்ள அறை. கூரை சரிந்து இறங்கும் அறை அது. பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும், நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். கீழேயிருந்து சூடு ஏறி அந்த அறை மட்டும் கதகதப்பாக இருந்தது.

அவள் பின்கட்டு அட்டையைப் படித்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எங்க அக்கா படுத்திருப்பா?"

"தெரியலீங்க."

"இங்கயா?"

"தெரியல."

சிறிய நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். நானும் நான்கு நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். கீழே பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சா இந்த வாட்டி முதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். சமையலறைக்கு மேலே வேலை செய்பவர்களைத் தங்கவைப்பது இந்தப் பகுதியில் அந்தக் காலத்து வழக்கம். ஆனால் இந்த வீட்டுக்குக் கிடைத்த இரண்டு வரைபடங்களில் ஒன்றில் அந்த அறையே இல்லை, இன்னொன்றில் இருக்கிறது, பெயர் இல்லை. பெட்டி பிறந்தபோது அது கட்டப்பட்டிருந்ததா, அவள் இருபத்தொரு வயதுவரை அந்த வீட்டில்தான் இருந்தாளா, அதற்கு முன்பே வேறொருவருக்கு மாற்றப்பட்டாளா என்பதற்கு இதுவரை நான் ஆவணம் எதையும் காணவில்லை. சரிபார்க்கப்படவில்லை.